ஆசுபத்திரி வாசலில் அரசியலைக் கழற்றி வைக்க முடியுமா?

(சூரியநெல்லியில் தோட்டப் பகுதி மருத்துவ ஊழியர்களும் ஆஷா, அங்கன்வாடித் தோழர்களும் பங்கேற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை. பத்திரிகைக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



இன்றைய வகுப்புக்கான தலைப்பு எனக்கு ஆங்கிலத்தில் வந்தது. அதைத் தமிழாக்கம் செய்ய உட்கார்ந்தபோதே சிக்கல் தொடங்கிவிட்டது. நோயாளியைப் பார்ப்பவர், பிள்ளையை வளர்ப்பவர், துயரப்பட்டவருக்கு ஆலோசனை சொல்பவர் ஆகிய அனைவரையும் ஆங்கிலம் "உதவும் தொழில்கள்" என்று ஒரே கூடையில் போடுகிறது. தமிழில் இதற்கு என்ன சொல்வது? தொண்டு என்றால் அது அடியார் இறைவனுக்குச் செய்வது. அதற்குக் கூலி கேட்பது பாவம். சேவை என்றாலும் அதே வாடைதான். ஊழியம் என்றால்? இன்று தேவாலயத்தில் ஊழியம் என்கிறோம், அரசு ஊழியர் என்கிறோம். ஆனால் திருவிதாங்கூர் மன்னராட்சியில் ஒடுக்கப்பட்ட சாதியினரிடமிருந்து அரசும் கோயிலும் கூலியின்றிக் கட்டாயமாகப் பிடுங்கிய உழைப்புக்குப் பெயரே ஊழியம். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மலைகளும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தவைதாம். செவிலி என்ற சொல் சங்க இலக்கியத்திலிருந்து வருகிறது. அங்கே அவள் தலைவியை வளர்க்கும் தாய். அவளுக்கு எவ்வளவு சம்பளம் என்று எந்தப் புலவரும் பாடவில்லை.

எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்குள் கூலி இல்லாத உழைப்பு ஒளிந்திருக்கிறது. இதைச் சொல்லாராய்ச்சிக்காகச் சொல்லவில்லை. பின்னால் ஆஷா தோழர்களைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். "ஆசுபத்திரியில் அரசியல் பேசக்கூடாது" என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அங்கன்வாடியில், பள்ளியில், நீதிமன்றத்தில் என எங்கும் இதே அறிவுரைதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாசலில் நின்று உள்ளே எது போகிறது, எது தடுக்கப்படுகிறது என்று கவனியுங்கள். தொழிலாளிக்கு இந்தக் காய்ச்சல் ஏன் மறுபடி மறுபடி வருகிறது என்று கேட்டால் அது அரசியல். அது வெளியே நிறுத்தப்படும். இவள் எந்தச் சாதி, ஏன் இத்தனை பிள்ளை, கல்யாணம் ஆனவளா, இந்த நேரத்தில் ஏன் வெளியே போனாள் என்ற கேள்விகள் மட்டும் கதவைத் தட்டாமலே உள்ளே போய் நோயாளியின் கட்டில் அருகே அமர்ந்துகொள்ளும். அவற்றை யாரும் அரசியல் என்று சொல்வதில்லை. உலக வழக்கம் என்கிறார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறானது. நோயின் காரணத்தைத் தேடும் அரசியல் உள்ளே வர வேண்டும். நோயாளியின் மீது தீர்ப்புச் சொல்லும் சொந்த மதிப்பீடுதான் வாசலில் நிற்க வேண்டும்.

இதற்குச் சான்று தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. இந்த மலைத்தொடரின் வடக்கே, ஆனைமலையில், வால்பாறைத் தோட்டங்களில் 1940களில் மருத்துவராகப் பணியாற்றியவர் டாக்டர் பி. எச். டேனியல். அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1969இல் வெளிவந்தது. அதைத் தோழர்கள் பலர் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் "எரியும் பனிக்காடு" என்ற பெயரில் படித்திருப்பீர்கள். 2013இல் வந்த "பரதேசி" திரைப்படத்தின் மூலக்கதையும் அதுவே. திருநெல்வேலிச் சீமையின் வறட்சியிலிருந்து மேஸ்திரியின் முன்பணத்துக்கு மயங்கி மலையேறிய கருப்பனும் வள்ளியும் அங்கே என்ன ஆனார்கள் என்பதே கதை. மலேரியாவும் கடனும் அடியும் அவர்களைத் தின்கின்றன.

ஒரு மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இந்நூலில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. இதை எழுதியவர் ஒரு மருத்துவர். அவர் கையில் இருந்தவை மருந்தும் நோயாளிப் பதிவேடும். குளிர்க்காய்ச்சலோடு வருபவருக்கு மருந்து கொடுத்து அனுப்பினால் அவருடைய கடமை முடிந்தது. நிர்வாகம் அவரிடம் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான். ஆனால் மருந்து வாங்கிப் போனவர் அதே ஒழுகும் லயத்துக்கு, அதே அரை வயிற்றுக் கஞ்சிக்கு, அதே கடன் கணக்குக்குத் திரும்பிப் போகிறார். அடுத்த மாதம் மீண்டும் வருகிறார், அல்லது வராமலே போகிறார். இதைத் தினமும் பார்த்த ஒருவர் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். கண்ணை மூடிக்கொள்ளலாம், அல்லது காரணத்தைத் தேடலாம். டேனியல் தேடினார். தோட்ட ஊழியர்களுக்குச் சங்கம் அமைப்பதில் முன்னின்றார். பின்னர் பழைய தொழிலாளர்களின் நினைவுகளைக் கேட்டறிந்து நாவலாக எழுதி வைத்தார். அவர் கம்யூனிஸ்ட் அல்லர். அதனால்தான் இந்த உதாரணத்தை முதலில் வைக்கிறேன். தொழிலை நேர்மையாகச் செய்தாலே அது ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அவர் சாட்சி.

தோட்ட மருத்துவருடைய நிலை எவ்வளவு இக்கட்டானது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பிரிவு 10இன்படி, மருத்துவ வசதி செய்து தர வேண்டியவர் தோட்ட முதலாளி. போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் அதன் விளைவாக டிஸ்பென்சரி முதலாளியுடையது. அங்கே இருப்பவருக்குச் சம்பளம் தருபவரும் முதலாளி. இன்று இவருக்கு ஓய்வு வேண்டும் என்று அவர் எழுதும் சீட்டு, கம்பெனிக்கு ஒரு நாள் உழைப்பு நட்டம். கொழுந்து மும்முரமாக வரும் பருவத்தில் அந்தப் பேனா எந்தப் பக்கம் சாயும்? "நான் நடுநிலை" என்று அங்கே ஒருவர் சொன்னால், மேசை ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அவர் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

இது நம் மலையில் மட்டும் நடந்த கதை அல்ல. 1848இல் பிரஷ்ய அரசு, மேல் சைலீசியாவில் பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராய ருடால்ஃப் விர்ச்சோ என்ற இளம் மருத்துவரை அனுப்பியது. அங்கே இருந்தவர்கள் போலிஷ் மொழி பேசும் ஏழைகள். அரசின் மொழியோ ஜெர்மன். மருந்துப் பட்டியலை எதிர்பார்த்த அரசுக்கு அவர் கொடுத்த அறிக்கை கல்வி, சுயாட்சி, வரிச் சீர்திருத்தம், போலிஷ் மொழிக்கு உரிய இடம் என்று பேசியது. மருத்துவ அறிக்கையில் மொழிக் கொள்கையா என்று அதிகாரிகள் திகைத்திருப்பார்கள். தமிழ் பேசும் தொழிலாளி மலையாளத்தில் எழுதிய படிவத்தில் கைநாட்டு வைக்கும் இந்த மலையில் நமக்கு அது திகைப்பாக இராது.

சத்தீஸ்கரில் தல்லி ராஜ்ஹரா என்ற ஊர் இருக்கிறது. பிலாய் உருக்காலைக்கு இரும்புத்தாது தோண்டும் இடம். சங்கர் குஹா நியோகி தலைமையில் அங்கே சுரங்கத் தொழிலாளர் சங்கம் வளர்ந்தது. சங்கத்தின் துணைத் தலைவியாக இருந்த பெண் தோழர் பேறுகாலத்தில் உரிய மருத்துவம் கிடைக்காமல் இறந்தார். தொழிலாளர்கள் இரங்கற் கூட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தங்கள் உழைப்பாலும் நிதியாலும் ஒரு மருத்துவமனையைக் கட்டினார்கள். 1977 துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்களின் நினைவாகத் தியாகிகள் மருத்துவமனை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1983இல் அது திறக்கப்பட்டது. அங்கே வந்து சேர்ந்த மருத்துவர்களுள் ஒருவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த குழந்தை மருத்துவர் பினாயக் சென். 2007இல் அவர் கைது செய்யப்பட்டார். சிறையில் தாம் மருத்துவம் பார்த்து வந்த மாவோயிஸ்ட் கைதியின் கடிதங்களை வெளியே கொண்டுபோனார் என்பது குற்றச்சாட்டு. 2010இல் தேசத்துரோகம் என்று ஆயுள் தண்டனை. 2011இல் உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது. மாவோயிஸ்டுகளின் வழியோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு மருத்துவர் கைதியைப் பார்க்கப் போவதே ஐயத்துக்கு உரியதாகும்போது, ஆசுபத்திரிக்குள் அரசியலைக் கொண்டுவந்தது யார்?

இனி, சொந்த மதிப்பீடு என்ற மறுபக்கத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் நின்று இதைப் பேசுவது எளிதல்ல. இங்கே பலருக்கு இந்த ஊர்ப் பெயரே வலிக்கும். 1996இல் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி இங்கிருந்து கடத்தப்பட்டு நாற்பது நாட்கள் சூறையாடப்பட்டாள். சட்டம் அவள் பெயரைக் காத்தது. அதற்குப் பதிலாகப் பத்திரிகைகள் ஊரின் பெயரை அவள்மேல் ஒட்டின. 2000இல் தனி நீதிமன்றம் 35 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2005இல் உயர் நீதிமன்றம் ஏறத்தாழ அனைவரையும் விடுவித்தது. தப்பிச் செல்ல வாய்ப்பு இருந்தும் ஏன் செல்லவில்லை என்றும், அவளுடைய நடத்தை எத்தகையது என்றும் அத்தீர்ப்பு கேட்டது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி மீண்டும் விசாரிக்கச் சொன்னது; 2014இல் பெரும்பாலோரின் தண்டனை உறுதியாயிற்று. பதினெட்டு ஆண்டுகள். அவ்வளவு காலமும் அச்சிறுமி எப்படிப்பட்டவள் என்ற விசாரணையும் கூடவே நடந்துகொண்டிருந்தது.

நீதிபதியை மட்டும் சொல்லிவிட்டு மருத்துவத் துறை தப்பித்துக்கொள்ள முடியாது. பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்குச் செய்யப்பட்ட "இருவிரல் சோதனை" என்ற கொடுமை மருத்துவ அறிவியலின் பெயரால்தான் நடந்தது. அது அளந்தது காயத்தை அன்று. அவள் ஏற்கெனவே எப்படிப்பட்டவள் என்பதை. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை அப்பெண்ணின் மாண்புக்கு எதிரானது என்றது. 2014இல் சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள் அதைக் கைவிடச் சொல்லின. ஆயினும் நிற்கவில்லை. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இதைச் செய்பவர் பணிநெறி தவறிய குற்றத்துக்கு உள்ளாவார் என்று மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் மாறிய பின்னும் ஒன்பது ஆண்டுகள் அந்தக் கையுறைக்குள் இருந்தது ஒரு மதிப்பீடு. அதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பாடப் புத்தகத்தில் இருந்ததைச் செய்தார்கள். அந்தப் புத்தகத்தை யாருடைய கண் எழுதியது என்று கேட்காமல் செய்தார்கள்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு செய்தி, சென்னையிலிருந்து. வீட்டாரின் துன்புறுத்தலுக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கேட்டு இரு பெண்கள் உயர் நீதிமன்றத்துக்கு வந்தனர். ஒருவரையொருவர் நேசித்தவர்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பால் ஈர்ப்புப் பற்றித் தமக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தாமே ஓர் உளவியலாளரிடம் போய் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு, 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். பாலின ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யப்படும் "சிகிச்சை"யைத் தடுக்கவும், மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்தவும் அந்த வழக்கு வழி வகுத்தது. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் "எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்ல முடியுமானால், நம் டிஸ்பென்சரிக் கம்பவுண்டரும் சொல்லலாம், நம் கிளைச் செயலாளரும் சொல்லலாம்.

சட்டங்கள் சிலவற்றை இங்குள்ள தோழர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வயது வந்த பெண் கருக்கலைப்புக் கேட்டு வந்தால் அவளுடைய ஒப்புதல் மட்டும் போதும். கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. கேட்பது அங்கிருக்கும் ஆளின் வழக்கம். இருபது முதல் இருபத்து நான்கு வாரம் வரையிலான பிரிவு மணமாகாத பெண்ணுக்கும் பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல் மதிப்புகளோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது அச்சட்டம். சாதி மாறிக் காதலித்த மகளுக்கு "மனசு சரியில்லை" என்று சீட்டு வாங்க அலையும் தகப்பன்மார் இருக்கும் நாட்டில் அந்த வரியின் அருமை தெரியும்.

இவ்வளவு பேசிய நான் என் கதையையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பேறுகாலத்தில் துணைக்குப் போயிருந்தேன். எந்த ஆசுபத்திரி என்பது வேண்டாம். மூன்றாவது பிள்ளை. கருத்தடை அறுவைக்கான படிவத்தை நீட்டிய செவிலியர் மலையாளத்தில் அவளை ஏசினார். இந்தப் பாண்டிக்காரிகளுக்குப் பெறுவதைத் தவிர வேறு வேலை என்ன என்ற பொருளில். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். நான் படிவத்தை மட்டும் மொழிபெயர்த்தேன், ஏசியதை விட்டுவிட்டேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன். அந்தப் பெண் கைநாட்டு வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அவங்க சொன்னது எனக்கு விளங்குச்சுக்கா. பொறந்து வளர்ந்ததே இங்கதான். நீங்க ஏன் அதுக்கு ஒண்ணும் சொல்லலை?"

என்னிடம் பதில் இல்லை. தமிழில் முதுகலை படித்திருந்தேன், கட்சி அட்டை வைத்திருந்தேன். நான் விட்டது ஒரு வசவை மட்டுமன்று. அந்தப் படிவத்தில் கையொப்பமிட மறுக்கலாம் என்பதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. மூன்று பிள்ளை போதும் என்று நானும் நினைத்திருந்தேன் போலும். செவிலியரின் மதிப்பீட்டைக் குறை சொல்லும் முன் என்னுடையதைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தச் செவிலியரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று அந்த வார்டு முழுவதற்கும் அவர் ஒருவர்தான். இரவு வேலை முடிந்தும் மாற்று ஆள் வராமல் நின்றுகொண்டிருந்தார். களைப்பு மனிதரைக் கொடியவராக்கும். களைப்புக்கும் ஒரு முதலாளி உண்டு.

கட்சித் தோழர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அரசியல் உள்ளே வர வேண்டும் என்றேன். அதற்காக நோயாளியை ஊர்வலத்துக்கு அழைக்கச் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொண்டே பிரச்சாரம் செய்வது அரசியல் ஆகாது, அது நோயாளியின் இயலாமையைப் பயன்படுத்துவது. எதிர்க்கட்சிக் கொடியைத் தோளில் போட்டு வருபவரின் புண்ணும் அதே கவனத்தோடு கழுவப்பட வேண்டும். நம் அரசியல் காட்ட வேண்டிய இடம் அந்தக் கட்டில் அல்ல. கட்டில்கள் ஏன் குறைவு, மருந்து ஏன் வெளியே வாங்கச் சொல்கிறார்கள், தமிழ்ப் படிவம் ஏன் இல்லை என்று கேட்க வேண்டிய அலுவலகங்கள் இருக்கின்றன.

தொழிற்சங்கப் பொறுப்பாளரும் உதவும் தொழிலில் இருப்பவர்தான். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் தெருவில் அமர்ந்ததை மறந்துவிடாதீர்கள். போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது பெம்பிளை ஒருமை என்ற பெயரில் அவர்கள் திரண்டனர். முதலில் அவர்கள் செய்தது சங்கத் தலைவர்களைத் தங்கள் பந்தலுக்குள் வராமல் தடுத்ததுதான். ஒன்பது நாட்களில் போனஸும் கருணைத் தொகையும் சேர்ந்து 20 விழுக்காட்டைப் பெற்றனர். அக்டோபரில் நாட்கூலி 301 ரூபாயாயிற்று. "பின்னால் யாரோ தூண்டுகிறார்கள்" என்று அப்போது நம்மவர் சிலரும் பேசினர். கொழுந்து கிள்ளும் பெண்ணுக்குத் தன் கூலிக் கணக்கு தானாகத் தெரியாது என்ற எண்ணம்தான் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. செவிலியரின் ஏச்சுக்கும் அதற்கும் அதிகத் தூரமில்லை.

இப்போது ஆஷா தோழர்கள். 2005இல் தொடங்கிய திட்டத்தில் இன்று நாடெங்கும் சுமார் 10 லட்சம் பெண்கள் உழைக்கிறார்கள். ஒன்றிய அரசு இவர்களைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்வதில்லை, தன்னார்வலர் என்கிறது. கொடுப்பது கூலி அன்றாம், மதிப்பூதியமாம். தொடக்கத்தில் சொன்ன ஊழியம் என்ற சொல்லை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப் பரிந்துரைத்தது. அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. அங்கன்வாடித் தோழர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது மட்டுமே சிறு வெளிச்சம். 2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷா ஊழியர்கள் தொடங்கிய போராட்டம் மாதக்கணக்கில் நடந்தது. அதை நடத்திய அமைப்போடு நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். வேர் ஒன்றிய அரசின் கொள்கையில் இருக்கிறது என்பதும் உண்மை. அப்போது அவர்கள் வாங்கியது மாதம் 7,000 ரூபாய் என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துச் சொல்ல நமக்கு வாய் வர வேண்டும். அவர்கள் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்க்கும்போது "நீங்கள் தெய்வம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, தெருவில் உட்கார்ந்தால் முகம் சுளிப்பவர்களாக நாம் இருக்கக் கூடாது.

2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் கரைந்துவிட்டது. தோட்டத் தொழிலாளரை இஎஸ்ஐயில் சேர்க்கும் விருப்பம் முதலாளிக்குத் தரப்பட்டுள்ளது. விருப்பம் முதலாளிக்கு, தொழிலாளிக்கு அன்று, அதைக் கவனியுங்கள். டிஸ்பென்சரி இருக்குமா, இருந்தால் யார் பொறுப்பில், இஎஸ்ஐ மருத்துவமனை எத்தனை மணி நேரத் தொலைவில் என்ற கேள்விகளை நாம் இப்போதே தோட்டம் தோட்டமாகத் தொகுக்க வேண்டும். அந்தக் கணக்கு கம்பவுண்டரிடமும் செவிலியரிடமும்தான் இருக்கிறது. தலைமைக் குழு அலுவலகத்தில் இல்லை.

நான் ஏற்றுக்கொள்ளும் வேலை ஒன்று உண்டு. நீங்கள் பணிபுரியும் இடங்களில் நோயாளியிடம் கையொப்பம் வாங்கும் வெற்றுப் படிவங்களைக் கொண்டுவாருங்கள். அறுவை, இரத்தம் ஏற்றல், கருத்தடை என எதுவாயினும் சரி. அவற்றைத் தமிழில் எழுதித் தருகிறேன். மறுக்கும் உரிமை எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதுவேன். சரியாக வந்திருக்கிறதா என்று லயத்துப் பெண்களிடம் வாசித்துக் காட்டிய பிறகே அச்சிடுவோம். அடுத்த வகுப்பை மாலை நான்கு மணிக்கு வைத்திருக்கிறார்கள். அப்போது கொழுந்து எடை போட்டு முடிந்திருக்காது என்று பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் சொல்கிறார். அப்படியானால் ஆறு மணிக்கு வைத்துக்கொள்வோம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.